கொழும்பைச் சுற்றி வந்த கட்டா

1

சனிக்கிழமை காலைகளில் நாங்கள் இறைச்சி வாங்க ஜேர்மனிக்குப் போவோம். ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இது பெரிய பயணமாகக் கேட்கும். பாசல் நகரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே ட்ராம் ஏறினால் ஒரு பாலம், இரண்டு பெற்றோல் நிலையம், ஒரு கொடிக்கம்பம். நாடு மாறிவிடும். சாரதி மாறமாட்டார். ஆசனத்தில் நித்திரையாய்ப் போன கிழவர் கண் விழிக்கமாட்டார். மண்டைதீவுச் சந்தியில் பஸ் குலுங்குகிற அளவுக்குக்கூட இந்த எல்லை குலுங்காது.

அந்தப் பக்கம் எல்லாம் மலிவு. ஆடு, கோழி, தக்காளி, சலவைத்தூள். ஆனால் திரும்பி வரும்போது சுவிஸ் சுங்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு: தலைக்கு ஒரு கிலோ இறைச்சி, மேலே போனால் வரி. கைக்குழந்தைக்கும் தலை இருக்கிறது. அதனால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சனிக்கிழமைகளில் பிள்ளைகளை முழுகவார்த்து, தலை இழுத்து, ஒருவர் மிச்சமில்லாமல் ட்ராமில் ஏற்றினார்கள். நாங்களும் ஏற்றினோம். என் மகள் அனிற்றா பால்குடி மறக்கமுன்னமே ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்குச் சொந்தக்காரியாக எல்லை கடந்தவள்.

இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. வருவதில்லை. இறைச்சியும் விட்டுவிட்டாள்.

"அப்பா, நான் ஒரு ஆள். ஒரு கிலோ இல்லை" என்றாள் ஒருநாள், கோபமில்லாமல்.

எங்கள் வீடு இரண்டு கிலோவாகச் சுருங்கிவிட்டது. மனைவியும் நானும் ஆளுக்கொரு பையோடு, பேச்சில்லாமல் போய் வருகிறோம்.

போன மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஜேர்மன் சுங்கத்தின் கண்ணாடி யன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றேன். வாங்கிய சாமானுக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுப்பதற்கு ஒரு பச்சைத் துண்டில் முத்திரை குத்துவிக்க வேண்டும். வந்த புதிதில் இந்த எல்லையில்தான், பையில் என்ன இருக்கிறதென்று கேட்ட அதிகாரியிடம், என்னிடம் எதுவுமில்லை என்பதற்குப் பதிலாக, நான் எதுவுமில்லை என்று அவர்களுடைய பாசையில் சொல்லிவிட்டேன். அந்த மனிதர் பையைத் திறக்காமலே என்னை விட்டார். இரங்கியிருப்பார்.

வரிசை நகர்ந்தது. கைத்தொலைபேசி அதிர்ந்தது. ஒரு படம். சணல் சாக்கின்மேல் பிளந்து விரித்த கட்டா மீன் ஒன்று, கருவாடாகக் காய்ந்தது. கீழே ஒரு வரி:

"உதைப் பார். ஆரின்ர வெட்டெண்டு சொல்லு."

2

அனுப்பியவர் சூசையண்ணை. ஊர்காவற்துறையில் எங்கள் வீட்டுக்கு மூத்தவர். அடுத்தது றோசக்கா. கடைசி நான். தொண்ணூறில் சண்டையால் தீவு வெறித்துப்போனபோது மூன்று பேரும் மூன்று பக்கம் போனோம். நான் ஆகாயத்தால். அக்கா புருசனோடு இரவுப் படகில் இராமேஸ்வரம். அண்ணை கொழும்பு.

கொழும்புப் பக்கத்தில் பல வேலை மாறி, அண்ணை கடைசியில் ஒரு வனஸ்பதித் தொழிற்சாலையில் தகரம் ஏற்றுகிறவராக நின்றார். இந்தியாவும் இலங்கையும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த பிறகு முளைத்த தொழிற்சாலை அது. வெளிநாட்டு எண்ணெய் கப்பலில் வரும். அந்த எண்ணெய்க்கு இலங்கையில் வரி குறைவு. அதை அங்கே இறுக்கி நெய்மாதிரி ஆக்கித் தகரத்தில் அடைத்தால் இலங்கைப் பொருள் என்று பேர் வரும், இந்தியாவுக்குள் வரியில்லாமல் நுழையலாம். முதலாளி இந்தியர். தின்னப்போகிறவர் இந்தியர். நடுவில் தகரம் தூக்கியது தீவான் ஒருவன். பிறகு இந்தியக் கரையில் எதிர்ப்புச் சத்தம் எழுந்தது. இவ்வளவுக்கு மேல் வரக்கூடாது என்று அளவு போட்டார்கள், எண்ணெய் வரியையும் மாற்றினார்கள். ஒரு காலை அண்ணை வேலைக்குப் போக, படலை பூட்டிக் கிடந்தது.

"அந்த நெய்யை நான் ஒருக்காலும் வாயில வைக்கேல்லை" என்பார். "ஆனா அதாலதான் வாய்க்குச் சோறு வந்தது."

சண்டை ஓய்ந்ததும் ஊருக்குத் திரும்பி, கடலோரம் வாடி போட்டார். வாடி என்றால் ஓலைக் கொட்டில் ஒன்று, உப்புத் தொட்டி இரண்டு, மீன் காயவைக்கிற பரண் நாலைந்து. அப்பா செய்த அதே தொழில். கருவாடு.

சுங்க யன்னலில் முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, ட்ராம் தரிப்பிடத்தில் நின்றபடி அவருக்கு எடுத்தேன்.

"அண்ணை, உது அப்பாவின்ர வெட்டு."

"அவர் எழும்பி வந்து வெட்டினவரோ? வடிவாப் பாரடா."

அப்பா கட்டாவை வயிற்றால் பிளக்கமாட்டார். முதுகால் பிளப்பார். நடுமுள் ஒரு பாதியோடு நின்றுவிடும். முள் நிற்கிற பாதி தடிப்பு, உப்பு லேசில் இறங்காது. அதனால் அந்தப் பக்கம் மூன்று சரிவுக் கீறல், முள்ளில்லாத பக்கம் ஒன்றே ஒன்று. சந்தையில் சனம் கீறலை எண்ணிப் பார்த்துத்தான் எங்கள் கருவாட்டைத் தூக்கும்.

"மூண்டும் ஒண்டும் இருக்கு" என்றேன்.

"முள்ளு எந்தப் பாதியில நிக்குது?"

படத்தைப் பெரிதாக்கினேன். வழக்கத்துக்கு மறுபாதியில் நின்றது. கீறல்களும் மறுபக்கமாகச் சரிந்திருந்தன, கண்ணாடிக்குள் பார்த்ததுபோல.

"இடக்கை" என்றேன்.

எங்கள் வீட்டில் ஒரு ஆளுக்குத்தான் இடக்கை வாக்கு. றோசக்கா கத்தி பிடிக்கும்போது அப்பா தலையில் அடித்துக்கொள்வார். மாற்றிப்பிடி என்று அடித்தும் பார்த்தார். அவள் மாற்றவில்லை.

"சாக்கில பாதி உப்பிடி" என்றார் அண்ணை. "மிச்சம் வலக்கை. ஆனா அதே மூண்டும் ஒண்டும். அங்க இருக்கிற பொம்பிளையளுக்கு அவள் படிப்பிச்சிருக்கிறாள்."

"சாக்கு எங்கத்தையான்? எங்கயிருந்து வந்தது?"

"எங்கத்தையான் எண்டு உனக்குத் தெரியாதோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

3

எங்கள் கருவாடு அந்த ஒப்பந்தத்தின் எந்தப் பட்டியலில் இருந்தது, இருந்ததா இல்லையா என்று இன்றுவரைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. இப்படியான ஒப்பந்தங்களில் திறந்த சாமான், பாதி திறந்த சாமான், திறக்கவே கூடாத சாமான் என்று பட்டியல்கள் உண்டு. அவற்றுக்கு மேலே கொழும்பு தன்பாட்டுக்கு வைக்கிற வரியொன்றும் உண்டு. அது ஏறும், இறங்கும். அண்ணைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"வரியைக் குறைச்சா இந்தியாச் சாக்கு வரும். கூட்டினா நான் காயவைப்பன். வெயிலைப் பாத்துக் கருவாடு போட்ட காலம் போய், பேப்பரைப் பாத்துப் போடுறன்."

ஊருக்குள் வந்தது கருவாடு மட்டுமல்ல. ஓட்டோ வந்தது, மோட்டார் சைக்கிள் வந்தது, சேலை வந்தது, மருந்து வந்தது. அண்ணையுடைய மகன் ஓடுகிற ஓட்டோவும் அந்தக் கரையில் செய்ததுதான். அண்ணை வீசுகிற வலையும் அங்கே பின்னியது. இரவில் அந்த வலையை அறுத்துக்கொண்டு போகிற இழுவைப் படகுகளும் அங்கிருந்து வருகின்றன. இதில் எதற்கு நன்றி சொல்வது, எதைச் சபிப்பது என்று தெரியாமல் ஒரு தீவே கரையில் நிற்கிறது.

"யோசிச்சுப் பார்" என்பார் அண்ணை. "மீன் எங்கட கடலில நிண்டது. இழுத்துக்கொண்டு போறாங்கள். அங்க வெட்டுப்பட்டுக் காயுது. பிறகு கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, லொறியேறி யாழ்ப்பாணம் வந்து, பஸ்ஸேறி என்ர கண்ணுக்கு முன்னால வருது. இந்தக் கட்டா பாத்த ஊர் நான் பாக்கேல்லை."

நெடுந்தீவுக்கு மேற்கே வலை போடப் போனால், இந்தியாவுக்கு நல்வரவு என்று அண்ணையின் தொலைபேசிக்குச் செய்தி வருமாம். தொலைபேசி போய்விடும். மீன் போய்விடும். காற்று, கருவாடு, எண்ணெய், சேலை எல்லாம் போய் வரும். ஆட்களுக்கு மட்டும் பட்டியல் கிடையாது.

4

அக்கா இராமநாதபுரம் பக்கத்து முகாமொன்றில் இருக்கிறாள். போன புதிதில் ஆறு மாதம் என்றாள். இப்போது பேரப்பிள்ளைகள். புருசன் அங்கேயே செத்துப்போனார். படகில் போனவளுக்குக் கடவுச்சீட்டு ஏது? ஊருக்குப் போகலாம், அதற்கு இங்கே ஒரு அனுமதி, அங்கே ஒரு கடிதம், சென்னையில் ஒரு நேர்முகம். போனால் முகாமுக்குத் திரும்பி வர ஏலாது. அவளுடைய பிள்ளைகள் முகாமில், பெற்றவர்கள் ஊரில்.

அம்மா சாகக்கிடந்தபோது இதுதான் நடந்தது. நான் சுவிஸ் கடவுச்சீட்டோடு ஒரு பகல் ஒரு இரவில் ஊர்காவற்துறையில் நின்றேன். கடலுக்கு அடுத்த பக்கம் இருந்தவள் வரவில்லை. அண்ணை சவப்பெட்டியை மூட விடவில்லை. மேலும் ஒருநாள் வைத்திருந்து பார்த்தார். சுவாமியார் வந்து தோளைத் தொட்டுச் சொன்ன பிறகுதான் விட்டார். அடக்கம் முடிந்து வந்து, முற்றத்தில் நின்றபடியே சொன்னார்: "எனக்குத் தங்கச்சி இல்லை."

அன்றுமுதல் அவளுடைய அழைப்பை அவர் எடுப்பதில்லை. அவளும் கேட்க நினைப்பதை என்னிடம் கேட்பாள். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், ஒரு பனிநாட்டில் ஆஸ்பத்திரிக் குசினியில் கோப்பை கழுவுகிற நான்தான் அந்தச் சின்னக் கடலுக்கு நடுவே ஓடுகிற ஒரே படகு.

படம் வந்த அன்று பின்னேரம் அக்காவுக்கு எடுத்தேன்.

"கட்டா வெட்டுறீங்களாம் இப்ப?"

"ஆரடா உனக்குச் சொன்னது?" சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலம். "முதல் நான் கழுவுற இடத்தில நிண்டனான், தம்பி. முதலாளி எல்லாத்தையும் வயித்தால பிளக்கச் சொல்லுவார். இது எங்க போகுதெண்டு கேட்டன். சிலோனுக்கெண்டார். ஐயா, உப்பிடி வெட்டினா யாழ்ப்பாணச் சனம் தொடாது எண்டன். உனக்கென்ன தெரியுமெண்டார். ஒரு மீனை எடுத்து, அப்பா வெட்டுறமாதிரி வெட்டிக் காட்டினன். மனுசன் பாத்திட்டுப் போயிட்டார். அடுத்த மாசம் வந்து, எல்லாருக்கும் படிப்பிச்சு விடுங்கம்மா எண்டார்."

"இப்ப?"

"இப்ப வெட்டுக்கு நான்தான் மேற்பார்வை. காலுக்கு ஏலாதெண்டு கதிரையும் தந்திருக்கினம். கதிரையில இருந்துதான் வெட்டுறன். முகாமில எல்லாரும் பகிடி பண்ணுறாளவை, ராணி வாறா எண்டு."

பிறகு குரலைத் தணித்தாள். "எங்கட சனம் தின்னுதோ?"

"நல்லாத் தின்னுதாம்."

"அண்ணை கண்டிருப்பாரோ?"

நான் சத்தம் விளங்கவில்லை என்றேன். இந்த நாட்டில் சத்தம் விளங்காமல் போவதே இல்லை.

5

அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி, வயிற்று வெட்டு, கற்றுக்கொடுத்தது எல்லாம். கோபிப்பார் என்று நினைத்தேன். சந்தையில் கருவாட்டுக் கடைக்காரர் அவரிடம், இந்தியாவில இருந்து உங்கட வெட்டுத்தான் மலிவாயும் வருது அண்ணை, இனி உங்கட வேண்டாம் என்று சாக்கைத் திறந்து காட்டியிருக்கிறார். அங்கேதான் அண்ணை அந்தப் படத்தை எடுத்தாராம்.

"கதிரை குடுத்திருக்கிறாங்களோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"இருந்து வெட்டுறாளோ?"

"ஓமண்ணை."

பிறகு, "வாடியைக் கழட்டிப்போட்டன். போன கிழமை. பரண் தடியெல்லாம் விறகுக்குக் குடுத்தாச்சு" என்றார். "அவளிட்டச் சொல்லிப்போடாதை."

"ஏன்?"

"சொன்னா அவள் வெட்டமாட்டாள். விசரி. நாளைக்கே வயித்தால பிளந்துபோட்டு வேலையைத் துலைப்பாள். எனக்குத் தெரியாதோ அவளை? கதிரையும் போகும்."

இரவுச் சாப்பாட்டில் இதை அனிற்றாவுக்குச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. வேறு யாருக்குச் சொல்வது? அவள் வர்த்தகக் கல்லூரியில் படிக்கிறாள். கரண்டியை வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டாள்; அதற்கே எனக்கு நெஞ்சு நிறைந்தது.

"மாமிக்கு நல்ல வேலை கிடைச்சிட்டுது. சனத்துக்கு மலிவா மீன் கிடைக்குது. எங்கட புத்தகத்தில உள்ளமாதிரித்தான் நடந்திருக்கு, அப்பா."

"பெரியப்பா?"

யோசித்தாள். "பெரியப்பா வேற ஏதாவது செய்யலாம்தானே."

அவள் கெட்டவள் இல்லை. பிழையாகவும் சொல்லவில்லை. எல்லா ஒப்பந்தங்களுக்கும் அடியில் யாரும் எழுதாத ஒரு வரி இருக்கிறது, வேறு ஏதாவது செய்யலாம்தானே என்று. வனஸ்பதிப் படலை பூட்டியபோதும் அதைத்தான் அண்ணைக்குச் சொன்னார்கள். அவரும் வேறு ஏதாவது செய்தார். அறுபது வயது கடந்த பிறகு அந்தச் சொல்லுக்குள் இறங்கி நிற்க இடமில்லை.

"மாமி ஏன் பஸ்ஸில மாதிரிக் கப்பலில வந்து பெரியப்பாவைப் பாக்கேலாது?" என்று கேட்டாள். கடவுச்சீட்டு, முகாம், அனுமதி என்று நான் விளக்க வெளிக்கிட, அவளுடைய முகம் மெல்ல மெல்ல வேறெங்கோ போனது. தலைக்கு ஒரு கிலோவோடு எல்லை கடந்து வளர்ந்த பிள்ளை. எல்லை என்றால் அவளுக்கு ட்ராமின் ஒரு தரிப்பிடம்.

6

நேற்று அண்ணை எடுத்தார். பின்னால் சனச் சத்தம்.

"எங்க நிக்கிறீங்கள்?"

"சந்தையில. கடைக்காரன் சாக்கைப் பிரிச்சு விக்க ஒரு ஆள் வேணுமெண்டான். நான் இருந்திட்டன்."

எனக்கு உடனே பிடிபடவில்லை. கருவாடு காயவைத்த மனிதர், தன் வாடியைக் கழற்ற வைத்த சாக்குக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அதை நிறுத்து விற்கிறார்.

அந்த நேரம் ஒரு பெண் குரல் கேட்டது. "அண்ணை, உது இந்தியன் கருவாடே?"

"கீறலை எண்ணிப் பாருங்கோ பிள்ளை."

"மூண்டு... மற்றப் பக்கம் ஒண்டு."

"இந்தியன் உப்பிடி வெட்டுவானே? உது எங்கட வீட்டு வெட்டு."

"முந்தி உங்கட வாடியில வாங்கினனாங்கள், அதேபோலதான் கிடக்கு. ஆர் இப்ப உங்களுக்கு வெட்டித் தாறது?"

"தங்கச்சி" என்றார் அண்ணை.

அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டது அம்மா போன பிறகு இதுதான் முதல்தரம். பெண் வாங்கிக்கொண்டு போனாள். தராசுத் தட்டு வெறுமையாக ஆடுகிற ஓசை கேட்டது. பிறகு அண்ணை என்னிடம் தொடங்கினார், அதட்டலாக.

"இஞ்ச பார். அவளிட்ட ஒண்டு சொல்லு."

"சொல்லுங்கோ."

"முள்ளுப் பக்கம் உப்புக் காணாது. அடிச்சாக்கில பூஞ்சணம் பிடிக்கப் பாக்குது. மூண்டு கீறல் போட்டாப் போதாது, விரலால உள்ள திணிக்க வேணும். அப்பா எத்தினைதரம் சொன்னவர். சொல்லு."

"நீங்களே எடுத்துச் சொல்லுங்கோவன், அண்ணை."

"நீ சொல்லு."

அப்போதே அக்காவுக்கு எடுத்தேன். வேலை முடிந்து முகாமுக்கு நடந்து வந்துகொண்டிருந்தாள், மூச்சு வாங்கியது.

"அக்கா, அண்ணை உங்களுக்கு ஒரு விசயம் சொல்லச் சொன்னவர்."

நடை நின்றது.

"முள்ளுப் பக்கம் உப்புக் காணாதாம். விரலால திணிக்கட்டாம்."

ஏதோ வாகனம் ஒலியெழுப்பிக்கொண்டு அவளைக் கடந்து போனது. பிறகு இன்னொன்று.

"உப்பு வைக்கிறது நானில்லையெண்டு சொல்லு" என்றாள் கடைசியில். "அது வேற பொம்பிளையள், அவையளுக்கு வேற மேற்பார்வை. நான் வெட்டு மட்டுந்தான். ஆனா நாளைக்கு நான் போய் நிண்டு பாக்கிறனெண்டு சொல்லு. மறக்காமல் சொல்லு, தம்பி. கோவிக்க வேண்டாமெண்டு சொல்லு."

"சொல்லுறன்."

மூக்கை உறிஞ்சினாள். பிறகு சிரித்தாள். சிறுபிள்ளைபோல் கேட்டாள்:

"அண்ணையின்ர வாடியில இப்ப என்ன காயுது?"

விறகுக்குப் போன பரண் தடிகளை நினைத்தேன். அந்தக் கதிரையை நினைத்தேன்.

"கட்டாதான் அக்கா."

"வெயில் இருக்காமோ?"

"நல்ல வெயிலாம்."

"அப்ப ரெண்டு நாளில எடுக்கலாம்" என்றாள்.